தேர் வடம் யார் கையில்? கடலூர், புதுச்சேரி வட்டாரத்தில் பக்தியும் அரசியலும்

வெளிமாநிலத்தில் பணிபுரியும் நண்பர் ஒருவர் கேட்டிருக்கும் கேள்வியின் சாரம் இது: பகுத்தறிவு பேசி வளர்ந்த இயக்கத்தின் வழிவந்த கட்சிகள் 1967 முதல் அரை நூற்றாண்டுக்கும் மேலாகத் தமிழ்நாட்டை ஆண்டிருக்கின்றன, ஆனாலும் தைப்பூசத்துக்கும் மாசி மகத்துக்கும் ஆருத்ரா தரிசனத்துக்கும் கூடும் கூட்டம் குறையவில்லை. அப்படியிருக்க, மற்ற மாநிலங்களில் நடப்பதுபோல இந்தப் பக்தி ஏன் தேர்தல் அரசியலாக மாறவில்லை? உண்மையிலேயே மாறவில்லையா, அல்லது வெளியே தெரியாமல் மாறிக்கொண்டிருக்கிறதா? கடலூர், புதுச்சேரிப் பக்கத்து நிலவரத்தை வைத்துச் சொல்லும்படியும் அவர் கேட்டிருக்கிறார்.

நான் கடலூரின் திருப்பாதிரிப்புலியூரில் பிறந்து வளர்ந்தவன். கேள்வியில் ஓர் அனுமானம் அடங்கியிருக்கிறது: பக்தி தன்னளவில் அரசியல் கலவாத ஒன்று, அரசியல் வெளியிலிருந்து வந்துதான் அதில் கலக்க வேண்டும் என்பது. எங்கள் பகுதியைப் பொறுத்தவரை இந்த அனுமானம் பொருந்தாது. இங்கே பக்திக்கு உள்ளேயே ஓர் அரசியல் நெடுங்காலமாக இருந்துவருகிறது. அது உரிமையின் அரசியல். வடத்தை முதலில் தொடுவது யார், கோயில் மரியாதையாகத் தலையில் கட்டும் முதல் பரிவட்டம் யாருக்கு, எந்த வாசல் யாருக்குத் திறக்கும், எந்த மொழி எந்தப் படியில் நின்று ஒலிக்கலாம் என்பவையே அதன் வழக்குகள். கட்சிகள் இந்த வழக்குகளுக்கு மிகவும் பிந்தி வந்தவை. அதனால்தான் எந்தக் கட்சியும் இங்கே கோயிலுக்குள் நுழையும்போது ஏற்கெனவே உள்ள உபயதாரர்களின், அதாவது விழாச் செலவை ஏற்பவர்களின், வரிசையில் இன்னோர் உபயதாரராக மட்டுமே நுழைய முடிகிறது.

இதை எங்கள் வீட்டிலிருந்தே சொல்லத் தொடங்குகிறேன். வைகாசிப் பெருவிழாவில் ஒரு நாள் விழாவை ஏற்று நடத்தும் மண்டகப்படியில் எங்கள் குடும்பத்துக்கும் பங்கு உண்டு. அப்பா அதற்கென்று நீளவாட்டுக் கணக்கு நோட்டு ஒன்று வைத்திருந்தார். எண்ணெய், பூ, நாதஸ்வரக் கோஷ்டி, சுவாமியைத் தோளில் சுமக்கும் சீர்பாதம் தாங்கிகளுக்குக் கூலி, சர்க்கரைப் பொங்கலுக்கு வெல்லம் என்று ஒவ்வோர் ஆண்டும் ஒரே வரிசையில் எழுதப்பட்டிருக்கும். கடைசி வரியில் தொகை இருக்காது. 'மரியாதை' என்று எழுதி, அதற்கு நேரே ஒரு பெயர் இருக்கும். அந்த ஆண்டு எந்தப் பங்காளி பரிவட்டம் கட்டிக்கொண்டார் என்பதற்கான குறிப்பு அது. எண்ணெய் விலையைப் பற்றி எங்கள் குடும்பத்தில் சண்டை வந்ததாக எனக்கு நினைவில்லை. அந்தக் கடைசி வரிக்காகச் சித்தப்பாவும் அப்பாவும் ஏழு ஆண்டுகள் பேசிக்கொள்ளவில்லை. இத்தனைக்கும் சித்தப்பா கறுப்புச் சட்டை அணிந்த காலத்திலும் மண்டகப்படிப் பங்குத் தொகையைக் கொடுக்கத் தவறியதில்லை. 'சாமி இருக்கிறதோ இல்லையோ, எங்கள் உரிமை இருக்கிறது' என்பார். தமிழ்நாட்டில் நாத்திக இயக்கமும் திருவிழாவும் ஒரே வீட்டில் எப்படிக் குடியிருந்தன என்று கேட்பவர்களுக்கு இதைவிட நல்ல விளக்கத்தை நான் கேட்டதில்லை.

புதுச்சேரியை அடுத்த வீராம்பட்டினம் செங்கழுநீர் அம்மன் கோயிலில் ஆடி மாதம் தேர் ஓடும். மீனவர்களின் ஊர் அது. பிரெஞ்சு ஆட்சிக் காலத்தில் ஆளுநர் நேரில் வந்து வடம் பிடித்துத் தேரைத் தொடங்கிவைப்பது வழக்கம். ஆட்சி மாறிய பிறகும் அந்த மரபு நிற்கவில்லை, இன்று துணைநிலை ஆளுநரும் முதலமைச்சரும் வந்து வடம் பிடிக்கிறார்கள். வில்லியனூர்த் திருக்காமீசுவரர் தேருக்கும் இதே வழக்கம் உண்டு. அருகில் நின்று பார்த்தால் ஒன்று விளங்கும். பெரிய மனிதர்கள் வடத்தைத் தொட்டுச் சில அடி நடக்கிறார்கள், படம் எடுக்கப்படுகிறது, வண்டிகள் புறப்படுகின்றன. அதன் பிறகுதான் தேர் உண்மையில் ஓடத் தொடங்குகிறது. முட்டுக்கட்டை போடுபவர்கள் சக்கரத்தை ஒட்டிக் குனிந்தபடியே நடக்கிறார்கள். தேர் ஒரு பக்கம் சாய்ந்தால் எந்தச் சக்கரத்தில் எந்தக் கணத்தில் கட்டையைச் செருக வேண்டும் என்பது அவர்கள் கைக்குத் தெரியும். திருப்பத்தில் வடத்தை எந்தப் பக்கம் வளைத்துப் பிடிப்பது என்று குரல் கொடுப்பவர் ஒருவர். இவர்களில் எவரும் தேர்தலில் நின்றவர்கள் இல்லை. ஆனால் தேர் நிலைக்கு வருவது இவர்களால்தான் என்பது ஊருக்கே தெரியும். கத்தோலிக்கரான பிரெஞ்சு ஆளுநருக்கு வடத்தில் இடம் கொடுத்த ஊர், எந்தக் கட்சியின் முதலமைச்சருக்கும் அதே இடத்தைக் கொடுக்கிறது. அதற்கு மேல் கொடுப்பதில்லை.

இந்த வழக்கத்தின் வேர் பல்லவர் காலம் வரை செல்கிறது. கெடில நதிக்கரையின் இரு தலங்களான திருவதிகையும் திருப்பாதிரிப்புலியூரும் ஏழாம் நூற்றாண்டின் மிகப் பெரிய அரசியல் வழக்கு ஒன்றின் களங்கள். பாடலிபுத்திரம் என்று வழங்கிய எங்கள் ஊரின் சமணப் பள்ளியில் தருமசேனராக இருந்த மருணீக்கியார், சூலை நோயுற்றுத் தமக்கையார் திலகவதியாரைத் தேடித் திருவதிகைக்கு வந்து, திருநாவுக்கரசராகப் பாடத் தொடங்குகிறார். அரசன் அழைக்கிறான், 'நாமார்க்கும் குடியல்லோம்' என்று பதில் வருகிறது. பிறகு நடந்தவற்றைச் சேக்கிழார் சொல்கிறார்: அரசன் அவரை நீற்றறையில் இட்டான், நஞ்சூட்டினான், யானையின் முன் நிறுத்தினான், கல்லில் கட்டிக் கடலில் எறிந்தான், அந்தக் கல்லே தெப்பமாகி அவர் எங்கள் ஊர்க் கரையில் ஏறினார். மகேந்திரவர்மன் என்று வரலாற்றாசிரியர்கள் அடையாளம் காணும் அந்த அரசன் பின்னர் சைவனாகி, பாடலிபுத்திரத்துச் சமணப் பள்ளிகளை இடித்து, அந்தக் கற்களைக் கொண்டு திருவதிகையில் குணபர ஈச்சுரம் எடுத்தான் என்பதையும் சேக்கிழார் மறைக்காமல் பதிவுசெய்கிறார். அப்பரின் 'குடியல்லோம்' என்ற சொல்லில் பெருமை கொள்ளும் நாம், இடிக்கப்பட்ட பள்ளியையும் அதே மூச்சில் நினைக்க வேண்டும் என்பது என் கருத்து. அரசனுக்கு அடங்காத பக்தியும், அரசனைத் தன் பக்கம் சேர்த்துக்கொண்ட பக்தியும் ஒரே கதையில் ஒரே ஆற்றங்கரையில் நிகழ்ந்திருக்கின்றன.

சிதம்பரத்தில் இது இன்னும் கூர்மையாகத் தெரியும். களந்தைக் கூற்றுவனார் பல நாடுகளை வென்று, தில்லைவாழ் அந்தணரிடம் வந்து தமக்கு முடி சூட்டுமாறு கேட்டார். சோழர் குலத்தவருக்கன்றி முடி சூட்டோம் என்று அவர்கள் மறுத்து, சேர நாட்டுக்கே போய்விட்டார்கள். வென்றவர் முடியில்லாமல் நின்றார், பின்னர் இறைவனின் திருவடியே அவருக்கு முடியாயிற்று என்பது புராணம். படை வைத்திருப்பவரிடம் கோயில் 'இல்லை' என்று சொல்ல முடிந்த கதை இது. இதற்கு எதிர்த்திசையில் இன்னொரு கதையும் இருக்கிறது. தில்லையில் பூட்டிய அறையில் கிடந்த தேவார ஏடுகளைக் கேட்டு அரசன் வந்தபோது, பாடிய மூவரும் நேரில் வந்தால் கதவைத் திறப்போம் என்று சொல்லப்பட்டது. அரசன் மூவரின் திருமேனிகளையும் வீதியுலாவாகக் கொண்டுவந்து நிறுத்தி, 'மூவரும் வந்துவிட்டார்கள்' என்றான். இராசராசனையும் நம்பியாண்டார் நம்பியையும் வைத்துச் சொல்லப்படும் இந்தக் கதையில், கோயிலின் நிபந்தனையை மீறாமலேயே அரசு கதவைத் திறக்க வைக்கிறது. சிதம்பரம் தொடர்பாக இன்று நீதிமன்றங்களில் நடப்பவை இந்த இரு கதைகளின் தொடர்ச்சியாகவே எனக்குத் தோன்றும்.

அரசுக்கும் கோயிலுக்குமான சட்ட உறவைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சென்னை மாகாணத்தில் 1817ஆம் ஆண்டின் ஒழுங்குமுறைச் சட்டத்தால் கம்பெனி அரசு கோயில் சொத்துகளின் மேற்பார்வையைத் தன் கையில் எடுத்தது; கிறித்தவ சபைகளின் எதிர்ப்பால் பின்வாங்கி, 1863ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியே அதைக் கைவிட்டது. அறங்காவலர்களின் முறைகேடுகள் பெருகியதால், நீதிக்கட்சி ஆட்சியில் பனகல் அரசர் காலத்தில் 1925இல் இந்து சமய அறநிலையச் சட்டம் வந்தது. இன்று நடைமுறையில் உள்ளது 1959ஆம் ஆண்டுச் சட்டம். அதன் கீழ் 40,000க்கும் மேற்பட்ட கோயில்கள் உள்ளன. கடலூருக்கு வடக்கே சுமார் 20 கிலோமீட்டரில் இருக்கும் புதுச்சேரியின் கதை வேறு. 1748இல் ஆங்கிலேயர் முற்றுகையின்போது பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளேக்சின் ஆட்சி வேதபுரீசுவரர் கோயிலை இடித்ததை ஆனந்தரங்கப் பிள்ளை தம் நாட்குறிப்பில் மனம் நொந்து எழுதியிருக்கிறார். பின்னாளில் அதே பிரெஞ்சு அரசு வடம் பிடிக்கும் நிலைக்கு வந்ததென்றால், இந்த மக்களின் தெய்வத்தை மதிக்காமல் இங்கே ஆள முடியாது என்று அது கற்றுக்கொண்டதுதான் காரணம். புதுச்சேரி அறநிலையங்களுக்குத் தனிச் சட்டம் 1972இல் வந்தது.

சிதம்பரத்துக்கு வருகிறேன். நடராசர் கோயில் தங்கள் தனிச் சொத்து என்று அதன் பரம்பரை அர்ச்சகர்களான பொது தீட்சிதர்கள் சொன்னதை ஏற்க முடியாது, அது பொதுக் கோயிலே என்று சென்னை உயர் நீதிமன்றம் 1890இலேயே கூறியது. 1951இல் அரசு ஒரு நிர்வாக அதிகாரியை நியமித்தபோது, தீட்சிதர்கள் தனிச் சமயப் பிரிவினர் என்று சொல்லி அதே நீதிமன்றம் அந்த ஆணையை ரத்து செய்தது. 1987இல் மீண்டும் நியமனம், மீண்டும் வழக்கு. 2009 பிப்ரவரியில் உயர் நீதிமன்றம் அரசின் பக்கம் தீர்ப்பளித்தது. 2014 ஜனவரி 6 அன்று உச்ச நீதிமன்றம் அதை மாற்றி, நிர்வாகத்தில் குறை இருந்தால் அதைச் சரிசெய்யும் வரை மட்டுமே அரசு தலையிடலாம், நிரந்தரமாக எடுத்துக்கொள்ள முடியாது என்று கூறித் தீட்சிதர்களிடமே நிர்வாகத்தைத் தந்தது.

நீதிமன்றத்தில் வழக்கு நிர்வாகத்தைப் பற்றியது. மக்களுக்கு அது இடத்தைப் பற்றியது. நடராசர் நின்றாடும் கருவறையான சிற்சபைக்கு முன்னே இருக்கும் மேடை கனகசபை. கீழே நின்று அண்ணாந்து பார்த்தால் வெள்ளித் தகடு போர்த்திய படிகளும், உள்ளே தீப ஒளியில் தூக்கிய திருவடியும் தெரியும். மாலைப் பூசையான சாயரட்சையில் பெரிய மணிகள் அடிக்கத் தொடங்கினால் பக்கத்தில் நிற்பவர் பேசுவது கேட்காது. அந்த ஒலி முடிந்த பிறகு விழும் அமைதியில்தான் பாட்டு எழ வேண்டும். சிவனடியார் ஆறுமுகசாமி என்ற முதியவர் அந்த மேடையில் ஏறித் தேவாரம் பாட வேண்டும் என்று ஆண்டுக்கணக்கில் போராடினார். கீழே நின்று பாடலாமே என்று சொன்னவர்களுக்கு அவருடைய விண்ணப்பம் விளங்கவில்லை. அப்பரும் சம்பந்தரும் எந்த இடத்தை நோக்கிப் பாடினார்களோ அந்த இடத்தின் அருகே அவர்களுடைய மொழி நிற்கலாமா கூடாதா என்பதே அவர் கேட்டது. அரசாணை வந்து, 2008 மார்ச் மாதத் தொடக்கத்தில், காவலர் சூழ, தள்ளுமுள்ளுக்கு இடையே, அவர் பாடினார். அவருக்குத் துணையாக நின்றவர்களில் பெரும்பாலோர் கடவுள் நம்பிக்கை இல்லாத இடதுசாரி அமைப்பினர். நம்பிக்கையற்றவர்கள் தேவாரத்துக்காகத் தடியடி வாங்கத் தயாராக இருந்ததும், நம்பிக்கையே வாழ்வாகக் கொண்டவர்கள் அதைத் தடுத்ததும் தமிழ்நாட்டு அரசியலைப் புரிந்துகொள்ளும் முக்கியமான திறவுகோல். இங்கே கோடு ஆத்திகருக்கும் நாத்திகருக்கும் இடையே விழவில்லை. மொழியும் உரிமையும் ஒருபுறம், மரபும் தனியுரிமையும் மறுபுறம் என்று விழுந்தது. பக்தர்களிலும் இரு புறமும் ஆட்கள் இருந்தார்கள்.

2022 மே மாதம் கனகசபையில் ஏறித் தரிசிக்க எல்லாப் பக்தர்களையும் அனுமதிக்கும் அரசாணை வந்தது. மறு ஆண்டே ஆனித் திருமஞ்சன நாட்களில் அனுமதி இல்லை என்று பலகை வைக்கப்பட, அதிகாரிகள் அதை அகற்ற, மீண்டும் மோதல். இதில் என் நிலையை மறைக்க விரும்பவில்லை. அந்த மேடையில் தமிழும், எந்தச் சாதியில் பிறந்த அடியாரும் ஏறுவது நியாயம் என்று நான் நம்புகிறேன். அதே சமயம் நூற்றாண்டுகளாக அந்தக் கோயிலின் வழிபாட்டை ஒரு நாள் தவறாமல் நடத்திவரும் சமூகத்தை எதிரியாகச் சித்திரிக்கும் மேடைப் பேச்சுகள் எனக்கு வேதனை தருகின்றன. காவலர் துணையோடு ஏறும் படியில் யாருக்கும் தரிசனம் நிறைவாக அமைவதில்லை.

சிதம்பரத்தில் படிகளே பிரச்சினை என்றால், அங்கிருந்து வடமேற்கே சில மணி நேரப் பயணத்துக்குள் படியே வேண்டாம் என்று ஒருவர் கட்டிய சபை இருக்கிறது. சிதம்பரத்தை அடுத்த மருதூரில் 1823இல் பிறந்த, வள்ளலார் என்று அறியப்படும் இராமலிங்க அடிகள், தில்லை நடராசரைப் பாடிப் பாடி உருகியவர்; அவரே வடலூரில் 1867இல் பசித்தவருக்கு உணவிடும் சத்திய தருமசாலையையும் 1872இல் சத்திய ஞான சபையையும் நிறுவினார். தருமசாலையில் அன்று மூட்டிய அடுப்பு இன்றும் அணையாமல் எரிகிறது. அவர் பாடல்களை 'அருட்பா' என்று அழைக்கலாமா என்ற சைவப் பூசல் 1869இல் எங்கள் மஞ்சக்குப்பம் நீதிமன்றம் வரை வந்தது. எதிர்த் தரப்பில் நின்றவர் யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர். தைப்பூசத்தன்று ஞான சபையில் கறுப்பு, நீலம், பச்சை, சிவப்பு, பொன், வெள்ளை, கலப்பு என ஏழு திரைகளும் ஒவ்வொன்றாக விலகிச் சோதி தெரியும்போது, கூட்டத்தில் எழும் 'அருட்பெருஞ்சோதி, தனிப்பெருங்கருணை' என்ற ஓசையில் சாதி கேட்பார் எவரும் இல்லை. கொலையும் புலையும், அதாவது புலால் உண்பதும், தவிர்த்திருக்கிறாயா என்பதே அந்த வாசலின் ஒரே கேள்வி.

அப்படிப்பட்டவரை எல்லாக் கட்சிகளும் உரிமை கொண்டாடுவதில் வியப்பில்லை. சாதியையும் சமயச் சடங்குகளையும் மறுத்தவர் என்று திராவிட இயக்கம் அவரைத் தன் முன்னோடிகளில் ஒருவராகச் சொல்லும். தமிழ்நாடு அரசு அக்டோபர் 5ஐத் தனிப்பெருங்கருணை நாளாக அறிவித்தது. 2023 ஜூன் மாதம் வடலூருக்கு வந்த அன்றைய ஆளுநர் ஆர்.என். ரவி, அவரைச் சனாதன தர்மத்தின் உச்ச நட்சத்திரம் என்று பேச, பெரும் எதிர்ப்பு எழுந்தது. இந்த உரிமைப் போட்டியைவிட எனக்கு முக்கியமாகப் படுவது அடுத்து நடந்தது. சபையின் முன் உள்ள பெருவெளி, பார்வதிபுரம் மக்கள் வள்ளலாரிடம் கொடுத்த 80 காணி நிலத்தைச் சேர்ந்தது. அங்கே சுமார் 100 கோடி ரூபாயில் வள்ளலார் சர்வதேச மையம் கட்ட 2024 பிப்ரவரியில் அரசு அடிக்கல் நாட்டியது. பள்ளம் தோண்டத் தொடங்கியதும் பார்வதிபுரத்து மக்கள் குழிக்குள் இறங்கி நின்றார்கள். வெளி என்பதே வள்ளலாரின் கொள்கை, சோதியைப் பார்க்க வரும் கூட்டம் நிற்கும் இடம் அது, மையத்தை வேறிடத்தில் கட்டுங்கள் என்றார்கள். விவகாரம் நீதிமன்றம் சென்றது. அரசும் நல்ல நோக்கம் சொன்னது. எதிர்க்கட்சிகளும் வந்து ஆதரவு தெரிவித்தன. ஆனால் வாதத்தின் அடித்தளம் 'எங்கள் பாட்டன் கொடுத்த நிலம்' என்பதாகவே கடைசிவரை இருந்தது. ஊர்தான் உபயதாரர், அரசு பிறகு வந்தது. மற்ற எல்லாரும் அதற்கும் பிறகு.

புதுச்சேரியில் பக்தி கட்சியோடு இன்னும் நெருக்கமாகப் புழங்குகிறது. அதற்குக் காரணம் அளவு. ஏறத்தாழ 10 லட்சம் வாக்காளர்களுக்கு 30 தொகுதிகள். ஒரு சட்டமன்ற உறுப்பினருக்குத் தம் தொகுதியின் ஒவ்வொரு அம்மன் கோயிலின் கூழ் வார்க்கும் நாளும் தெரிந்திருக்க வேண்டும். கும்பாபிஷேகத்துக்கு வராதவர் பெயரை மறு தேர்தல் வரை மக்கள் மறக்க மாட்டார்கள். 2011இல் என்.ஆர். காங்கிரசைத் தொடங்கிய ந. ரங்கசாமி, அப்பா பைத்தியம் சுவாமிகளின் அடியவர் என்பதும், கோரிமேட்டில் உள்ள அவர் கோயிலில் வழிபட்டே முக்கிய முடிவுகளை எடுப்பவர் என்பதும் அனைவரும் அறிந்ததே. அதைக் கேலி செய்பவர்கள் உண்டு. நான் அதை மதிக்கிறேன், ஏனெனில் அது மேடைக்காகப் பூசிக்கொண்டதன்று. ஆனால் அந்தப் பக்தி ஒரு கொள்கை அறிக்கையாக மாறவில்லை என்பதையும் கவனிக்க வேண்டும். 2021 தேர்தலில் என்.ஆர். காங்கிரசுக்கு 10 இடங்களும் கூட்டணியில் இருந்த பா.ஜ.க.வுக்கு 6 இடங்களும் கிடைத்தன. அந்த ஆறு பேரில் பலர் வேறு கட்சிகளிலிருந்து வந்து, தொகுதியில் ஏற்கெனவே செல்வாக்கு வைத்திருந்தவர்கள். சின்னம் மாறியது, தேர்த்திருவிழாவில் அவர்கள் நின்ற இடம் மாறவில்லை.

இந்த ஊரின் மனம் அப்படி. அரசியல் அடைக்கலம் தேடி 1908இல் வந்த பாரதியார் மணக்குள விநாயகரைப் பாடினார். 1910இல் வந்த அரவிந்தர் இங்கே யோகத்தில் ஆழ்ந்தார். மயிலம் முருகன் மேல் துதி பாடிய கனக சுப்புரத்தினம் பாரதிதாசனாகிப் பெரியார் வழியில் நின்றார். மூன்று திசைப் பயணங்கள், ஒரே கடற்கரை.

மற்ற மாநிலங்களைப் பற்றி நண்பர் கேட்டதற்கு ஒரு பத்தி போதும். மகாராட்டிரத்தில் ஆஷாட ஏகாதசி விடியலில் பண்டரிபுரம் விட்டலனுக்கு மகாபூசை செய்வது முதலமைச்சர். 2018இல் மராத்தா இட ஒதுக்கீட்டுப் போராட்டத்தினர் எதிர்த்ததால் அன்றைய முதலமைச்சர் பூசைக்குச் செல்லவில்லை. ஒடிசாவில் 2024இல் ஆட்சி மாறியதும் புதிய அரசின் முதல் முடிவுகளில் ஒன்று பூரி ஜெகந்நாதர் கோயிலின் நான்கு வாசல்களையும் திறப்பது. மேற்கு வங்கத்தில் துர்கா பூசைக் குழுக்களுக்கு மாநில அரசு 2018இல் உதவித்தொகை தரத் தொடங்கியது. கேரளத்தில் 1936ஆம் ஆண்டுத் திருவிதாங்கூர்க் கோயில் நுழைவுப் பிரகடனமும் 2018ஆம் ஆண்டுச் சபரிமலைத் தீர்ப்பும் அரசியலையே அசைத்தன. எல்லா இடத்திலும் ஆட்சியில் இருக்கும் கட்சிகள் தம் மண்ணின் தெய்வத்தோடு தமக்குள்ள உறவைச் சொல்லியே ஆள்கின்றன. வேறுபாடு எங்கே என்றால், பூரியைப் போலவோ பண்டரிபுரத்தைப் போலவோ தமிழ்நாட்டுக்கு ஒரே ஒரு தலைமைத் தெய்வம் இல்லை. ஆற்றுக்கு ஆறு, துறைக்குத் துறை தெய்வம் வேறு, மரியாதை பெறுபவர் வேறு. மாநிலம் முழுவதையும் ஒரே பக்தியால் கட்ட வேண்டும் என்று எண்ணும் கட்சிக்கு இது மலைப்பான வேலை.

நல்ல பக்கத்தை மட்டும் சொல்லி நிறுத்துவது நேர்மையாகாது. ஊரின் உரிமை என்று நான் பெருமையாகச் சொல்வதன் உள்ளே ஊருக்கும் சேரிக்கும் இடையிலான சுவர் இருக்கிறது. 2023 ஜூன் மாதம் விழுப்புரம் அருகே மேல்பாதியில் திரௌபதி அம்மன் கோயிலுக்குள் பட்டியல் சமூகத்தினர் நுழைவதை மற்றவர்கள் தடுத்ததால் கோயிலுக்கே முத்திரை வைக்கப்பட்டது. எங்கள் வட மாவட்டங்களில் திரௌபதி அம்மன் தீமிதி என்பது வெறும் விழா அன்று; நெருப்பில் பிறந்த குலம் என்ற வன்னியர் நம்பிக்கையும், அக்னிக் கலசத்தைச் சின்னமாகக் கொண்ட சங்க அரசியலும் அதனோடு பின்னிக் கிடக்கின்றன. 1952இல் கடலூரின் எஸ்.எஸ். இராமசாமிப் படையாட்சியாரின் உழைப்பாளர் கட்சி 19 இடங்களை வென்ற காலத்திலிருந்து இந்த வட்டாரத்தில் சாதித் திரட்சி ஓர் அரசியல் உண்மை. அதற்கு மறுபக்கத்தில், நந்தனார் தீக்குளித்ததாகச் சொல்லப்படும் சிதம்பரம் ஓமக்குளத்தில் 1916இல் சுவாமி சகஜானந்தர் நந்தனார் பெயரில் பள்ளி தொடங்கினார். துறவியான அவர் சட்டமன்றத்திலும் இருந்தார். நந்தனார் கதையை வைத்தே, வாசலில் நின்ற மக்களுக்குப் பள்ளிக்கூடம் கட்டியவர் அவர். சிதம்பரத்தில் பக்தியும் அரசியலும் சேர்ந்ததால் விளைந்த நன்மைகளில் இதை முதலில் வைப்பேன். எந்தக் கோயிலிலும் இதற்கு நிகரான பிரசாதம் எனக்குக் கிடைத்ததில்லை.

கடைசிக் கேள்விக்கு வருகிறேன்: வெளியே தெரியாமல் மாறிக்கொண்டிருக்கிறதா? ஓரிடத்தில் மாறுகிறது. விநாயகர் சதுர்த்திக்குத் தெருமுனையில் பெரிய சிலை வைத்து, சில நாள் கழித்து ஊர்வலமாகத் தேவனாம்பட்டினத்திலோ புதுச்சேரிக் கடலிலோ கரைக்கும் வழக்கம் என் சிறு வயதில் இல்லை. வீட்டில் களிமண் பிள்ளையார் வாங்கி வைத்து, குடை செருகி, கிணற்றில் போடுவோம். 1980இல் தொடங்கப்பட்ட இந்து முன்னணி அந்தப் பத்தாண்டுகளில் இதைப் பரவலாக்கியது. இந்தச் சிலைக்கு மண்டகப்படி கிடையாது, வழிவழி உரிமை கிடையாது, பரிவட்டம் கிடையாது. அதனால் அதன் மேல் எந்த அமைப்பும் தன் கொடியை நட முடிகிறது. பழைய தேரில் அது முடியாது. பல இளைஞர்களுக்கு, குறிப்பாகக் கோயில் மரியாதைகளில் எப்போதும் இடம் கிடைக்காத குடும்பத்துப் பிள்ளைகளுக்கு, அந்த ஊர்வலம் முதல் முறையாக ஒரு வடத்தைக் கையில் கொடுத்தது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். பழைய வரிசையில் இடம் தராமல் விட்டவர்கள், அவர்கள் புதிய வரிசைக்குப் போனதைப் பற்றிக் குறை சொல்லும் தகுதியை இழந்துவிடுகிறார்கள்.

இரண்டு ஊர்வலங்களுக்கும் உள்ள வேறுபாடு பாதையில் தெரியும். சதுர்த்தி ஊர்வலத்தின் பாதை காவல் துறையோடு பேசி முடிவாகிறது. பள்ளிவாசல் வரும் இடத்தில் மேளம் நிற்க வேண்டுமா என்பது ஆண்டுதோறும் பேச்சுவார்த்தை. மாசி மகத்துக்கு சுவாமிகள் கடலுக்கு வரும் பாதையோ, ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஒரு விருந்தோம்பியைக் கொண்டது. புதுச்சேரி வைத்திக்குப்பத்தில் மயிலம் முருகனும் தீவனூர் விநாயகரும் தீர்த்தவாரிக்கு வரும்போது குப்பத்து மக்கள் தம் வீட்டு விருந்தாளியாகவே எதிர்கொள்கிறார்கள். காரைக்கால் பக்கம் திருமலைராயன்பட்டினத்தில் சௌரிராசப் பெருமாளை மீனவர்கள் 'மாப்பிள்ளை' என்று முறை சொல்லி அழைத்துத் தோளில் சுமக்கிறார்கள். ஸ்ரீமுஷ்ணம் பூவராகப் பெருமாள் மாசி மகத்துக்குக் கிள்ளைக் கடற்கரைக்குச் செல்லும் வழியில் தைக்கால் என்ற இடத்தில் நிற்பார். அங்கே தர்காவைச் சேர்ந்த இஸ்லாமியர்கள் மேளதாளத்தோடு வந்து, பெருமாளுக்கு மாலை சாற்றி, பழத்தட்டு கொடுத்து வழியனுப்புகிறார்கள். நான் சென்ற ஆண்டில் வெயில் ஏறிவிட்டது, சீர்பாதம் தாங்கிகள் களைத்திருந்தார்கள். தட்டேந்தி நின்ற பெரியவர் ஒருவர் அவர்களைப் பார்த்து, 'இறக்கி வைங்க தம்பி, எங்க இடத்துல ஏன் அவசரம்?' என்றார். அன்று அந்தக் கூட்டத்தில் மூன்று கட்சிகளின் ஒன்றியச் செயலாளர்கள் இருந்தார்கள். மூவரும் அந்தப் பெரியவர் மாலையைச் சாற்றி முடிக்கும் வரை ஒதுங்கி நின்றார்கள்.